மறுபார்வைத் தேதி

திங்கட்கிழமை காலையில் எனக்கு வந்து விழும் எச்சரிக்கைகளில் முக்கால்வாசி போன திங்கட்கிழமையும் வந்தவைதான். அதற்கு முந்தின திங்கட்கிழமையும் வந்தவை. வீட்டில் இதைச் சொன்னால், "அப்புறம் இன்னாத்துக்கு அதையே உக்காந்து படிக்கிற?" என்று கேட்பார்கள். அதற்குத்தான் சம்பளம் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். காலை நேரத்தில் எனக்கு விளக்கம் சொல்லும் பொறுமை கிடையாது. மற்ற நேரத்திலும் கம்மிதான்.

மேல்விஷாரத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில், கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை. திமிரியிலிருந்து ஆற்காடு வந்து பஸ் மாற வேண்டும். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தன்னுடைய டிசைன் எல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதால், அதை யாரும் திருடாமல் இருக்க ஒரு மென்பொருளை மாட்டச் சொன்னது. அது ஞாயிற்றுக்கிழமை முழுக்க எல்லா கம்ப்யூட்டரையும் துழாவும். எங்கே பூட்டு லூசாக இருக்கிறது, எங்கே கதவு திறந்து கிடக்கிறது என்று திங்கட்கிழமை காலையில் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு நிலை குறிக்க வேண்டும். சரிசெய்துவிட்டால் 'ஃபிக்ஸ்டு'. மென்பொருள் சும்மா கத்தியிருந்தால் 'ஃபால்ஸ் பாசிட்டிவ்'. ஆபத்து இருக்கிறது, ஆனால் இப்போது சரிசெய்ய முடியாது, தெரிந்தேதான் விட்டு வைத்திருக்கிறோம் என்றால் 'ரிஸ்க் அக்செப்டட்'. இந்தக் கடைசி ஒன்றைப் போட்டால் காரணம் எழுத வேண்டும். மறுபடி எப்போது பார்ப்போம் என்று ஒரு தேதியும் கொடுக்க வேண்டும். மறுபார்வைத் தேதி என்று அதற்குப் பெயர். அந்தத் தேதி வந்ததும் அதே எச்சரிக்கை மறுபடி வந்து நிற்கும்.

கட்டிங் ஹாலில் தோல் வெட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதோடு வந்த கம்ப்யூட்டர் அரதப்பழசு. அதை அப்டேட் செய்தால் மெஷின் நின்றுவிடும், செய்யாவிட்டால் எச்சரிக்கை வரும். மெஷினைச் செய்த கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள், யாரைப் போய்க் கேட்பது? அந்த ஒரு எச்சரிக்கைக்கு நான் எழுதிய காரணங்களைச் சேர்த்தால் ஒரு புத்தகம் போடலாம். ஆனால் வாங்க ஆள் இருக்காது.

இந்த வேலையில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். அவள் மேல்விஷாரத்துக்காரி. நானும் அவளும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம், ஒரே வயது. வீட்டில் உருது, வெளியே தமிழ். என்னோடு முழுக்கத் தமிழ்தான். கோபம் வந்தால் மட்டும் கடைசி வார்த்தை உருதுவில் விழும். என்னை அவள் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை, "ஏய்" தான். நானும் அப்படித்தான்.

'ரிஸ்க் அக்செப்டட்' என்பதற்கு அவள் வைத்த பெயர் மாஃப். மன்னிப்பு. "அந்த கட்டிங் மெஷினுக்கு இன்னும் எவ்ளோ நாளைக்கு மாஃப் குடுக்கறது?" என்பாள். ஒருத்தி மாஃப் கேட்க வேண்டும், மற்றவள் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. நான் கேட்டால் அவள் லேசில் கொடுக்க மாட்டாள். போன தடவை எழுதிய காரணத்தையே நான் எடுத்து ஒட்டியிருந்தால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு சிஸ்டம் வழியாகத் திருப்பி அனுப்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வாயால சொன்னா இன்னா?" என்றால், "காரணம் எழுதாம மாஃப் கிடையாது" என்று ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

எங்கள் கம்பெனியில் லாகின் ஐடியும் ஆளும் ஒன்று என்று ஆக்கியதும் அவள்தான். முன்பெல்லாம் வேலையை விட்டுப் போனவர்களின் ஐடி அப்படியே உயிரோடு கிடக்கும். ஆம்பூரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட ஒருவர், மாதக்கணக்கில் எங்கள் மெயிலை அங்கிருந்தே படித்துக்கொண்டிருந்தார். அது தெரிந்ததும் இவள் எச்.ஆர். சிஸ்டத்தையும் லாகின் சிஸ்டத்தையும் சேர்த்துக் கட்டினாள். ஆள் விலகினால் ஐடி மூடும். ஐடி மூடினால் எச்.ஆரில் ஆள் விலகியதாகப் பதிவாகும். நீண்ட நாள் யாரும் நுழையாத ஐடி என்றால் திங்கட்கிழமை எச்சரிக்கை வரும். இதைச் செய்து முடித்த அன்று எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தாள்.

பிறகு ஒரு சமயம், அவள் கொடுத்த காரணங்கள் ஒரே மாதிரி வர ஆரம்பித்தன. எடுத்து ஒட்டவில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் தட்டச்சு செய்திருக்கிறாள். ஆனால் வார்த்தை மாறாமல் அதே வாக்கியம். நான் குஷியாகிவிட்டேன். "மாட்னியா" என்று கிண்டல் செய்தேன். அவள் அந்த வாக்கியங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவலி ஜாஸ்தியாக இருக்கிறது என்றாள். அதற்கு முன்பே சொல்லியிருக்கிறாள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவு கட்டியிருந்தோம்.

கண்ணாடிக் கடைக்காரர் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். அவளோடு நான்தான் போயிருந்தேன், அவள் அம்மியும் கூட இருந்தார்கள். அம்மாவை அவள் அம்மி என்றுதான் கூப்பிடுவாள், நானும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தேன். அப்பா இல்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்: "நம்ம ஸ்கேன்ல ஃபால்ஸ் பாசிட்டிவ் வருதுல்ல, இவங்க ஸ்கேன்லயும் வரும்தானே?" வரும், கண்டிப்பா வரும் என்றேன். வரவில்லை. மூளையில் கட்டி இருந்தது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னது, பேசனது எல்லாம் மாஃப் பண்ணிடுடீ" என்றாள். அவர்கள் வழக்கத்தில் தூரப் பயணம் போகிறவர்கள், பெரிய வைத்தியத்துக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எனக்கு அது தெரியும். "காரணம் எழுது, பாக்கலாம்" என்றேன். அவள் சிரித்தாள். அம்மி என்னவென்று கேட்டதற்கு இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "என் ஐடிக்கு எச்சரிக்கை வரும்" என்றாள். "வந்தா மூடிடாத. அது தெறந்து இருந்தாதான் நான் திரும்பி வரணும்னு எனக்கு இருக்கும்." அவள் எந்த எச்சரிக்கைக்கும் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மூட மாட்டேன் என்று சொன்னேன். சத்தியமா என்று கேட்டாள். சத்தியமாக என்றேன்.

எச்சரிக்கை வந்தது. நீண்ட நாளாகப் பயன்படுத்தப்படாத கணக்கு, உயர் அதிகாரம் உள்ளது, உடனே மூடவும். கீழே அவள் பெயர். அதுவரை நான் திட்டித் தீர்த்த எச்சரிக்கைகள் எத்தனையோ, இதைத் திட்ட வாய் வரவில்லை. ரிஸ்க் அக்செப்டட் போட்டேன். காரணம்: மருத்துவ விடுப்பு, ஊழியர் திரும்பி வருவார். அவள் இடத்தில் இருந்து ஒப்புக்கொள்ள வேண்டிய ஆள் இப்போது எங்கள் ஜெனரல் மேனேஜர். அவர் படிக்காமலே ஒப்புக்கொண்டார். தேதி கேட்டது. அவளுக்கே போன் போட்டு, "இன்னா தேதி போடட்டும்?" என்றேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள், குரல் தெளிவாக இருந்தது. "ரம்ஜான் முடிஞ்சு போடு" என்றாள். போட்டேன். ரம்ஜான் முடிந்தது, எச்சரிக்கை வந்தது. "பக்ரீத் முடிஞ்சு." பக்ரீத்தும் போயிற்று.

தேதிக்காகக் கூப்பிடுவது எனக்கு ஒரு சாக்கு ஆகிவிட்டது. மற்ற நாளில் எப்படி இருக்கிறாய் என்று கேட்க பயமாக இருக்கும். தேதி கேட்பது சுலபம். அவளும் கொஞ்சம் யோசித்து, பண்டிகை, பள்ளிக்கூட லீவு, மழைக்காலம் என்று எதையாவது சொல்லி ஒரு தேதி கொடுப்பாள். கணக்குப் பார்த்துச் சொல்கிறாள், அப்படியானால் வரப் போகிறாள் என்று நான் நம்பினேன். இப்போதும் சொல்கிறேன், முழு மனதாக நம்பினேன்.

ஒரு தடவை எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் ஒரே ஒரு முறை லாகின் செய்தால் போதும், பயன்படுத்தப்படாத கணக்கு என்ற பேச்சே அடிபட்டுப் போகும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேல்விஷாரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் தலையணை வைத்து உட்கார்ந்தாள். துப்பட்டாவைத் தலையில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். விரல்கள் கீபோர்டுக்கு ஆசையாகப் போயின. பாஸ்வேர்டு அடித்தாள், தவறு என்று வந்தது. கண்ணை மூடி யோசித்து மறுபடி அடித்தாள். தவறு. மூன்றாவது தடவைக்கு விரலைத் தூக்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"இன்னொரு தடவ தப்பா போனா லாக் ஆயிடும்" என்றாள்.

அந்த விதி அவளுக்கு ஞாபகம் இருந்தது. பாஸ்வேர்டு இல்லை. சீட்டில் பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டியவர்களை எல்லாம் நிற்க வைத்துத் திட்டியவள் அவள், அதனால் வீட்டில் எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. நான் ரீசெட் செய்து தருகிறேன், வேண்டுமானால் நானே உள்ளே போய்விட்டு வருகிறேன், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். லேப்டாப்பை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினாள். "என் பேர்ல நீ உள்ள போனா, அது நீதான். நான் வந்ததா ஆவாது" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்கு இந்த நியாயம் எல்லாம் வந்ததில் எனக்குக் கோபம்தான். அம்மி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

கட்டி மறுபடி வந்தது. இரண்டாவது ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து தமிழ் போய்விட்டது. டாக்டர்கள் ஏதோ விளக்கம் சொன்னார்கள், வீட்டில் பேசிய மொழி மட்டும் சில பேருக்கு நிற்குமாம். நான் சொல்வது பாதி புரியும். அவள் பதில் சொல்வது உருதுவில், அதுவும் ஒன்றிரண்டு வார்த்தையில். எனக்குத் தெரிந்த உருது கம்பெனி கேட்டில் லாரிக்காரர்களிடம் கேட்டுக் கற்றது. அவளோடு இத்தனை வருஷம் உட்கார்ந்தும் நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை, அவசியமே இருக்கவில்லையே.

அப்போதுதான் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஒரே கணக்கு திரும்பத் திரும்ப விதிவிலக்கில் இருக்கிறது, இனி ஏற்க முடியாது, ஊழியர் வரும் தேதியை உறுதியாகச் சொல்லவும் அல்லது மூடவும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆம்பூர்க்காரர், அவளை உருதுவில் மகளே என்றுதான் கூப்பிடுவார். மேஜையில் இருந்த தோல் சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானும் எவ்ளோதான்மா இழுப்பேன்? அந்தப் பொண்ணு வருமா? நீ போய் ஒரு தேதி கேட்டுட்டு வா. ஒரே ஒரு தேதி, நான் அவங்ககிட்ட பேசிக்கறேன்." தேதி கிடைக்காவிட்டால் ஐடியை மூட வேண்டும். மூடினால் எச்.ஆரில் அவள் விலகியவள். அவள் மேஜை, அவள் வேலை, நான் செய்த சத்தியம் எல்லாம் அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலமே போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அம்மி கடைக்குப் போயிருந்தார்கள். எனக்குத் தெரிந்த லாரிக்கார உருதுவில், ஆஃபீஸ் எப்போது என்று கேட்டேன். அவள் தயங்கவே இல்லை.

"கல்" என்றாள்.

கல் என்றால் நாளை. தோல் வியாபாரிகள் போனில் கல், கல் என்று சொல்வதைத் தினமும் கேட்கிறேன். பாக்கி கேட்டால் கல், சரக்கு கேட்டால் கல். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. நாளைக்கே எப்படி வருவாள், நடக்கக்கூட முடியாதே என்று ஒரு பக்கம் தெரிகிறது. ஆனால் வருவேன் என்று அவள் வாயால் சொல்லிவிட்டாள். நாளைக்கு இல்லாவிட்டால் நாளை மறுநாள், ஒரு ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தால் போதும். பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் சிஸ்டத்தைத் திறந்து, மறுபார்வைத் தேதியில் மறுநாள் தேதியைப் போட்டேன். காரணம் என்ற இடத்தில், ஊழியரிடம் நேரில் கேட்கப்பட்டது என்று எழுதினேன்.

மறுநாள் காலையில் எச்சரிக்கை சரியாக வந்தது. ஆட்டோ அனுப்பட்டுமா என்று கேட்க அம்மிக்குப் போன் செய்தேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று அவள் கல் என்று சொன்னதைச் சொன்னேன்.

"கல்னா நேத்தும்தாம்மா" என்றார்கள் அம்மி. "எங்கள்ல ரெண்டுக்கும் அதான் வார்த்தை. அவ நேத்து ஆஃபீஸ் போய்ட்டு வந்தேன்னு சொல்லியிருக்கா. தெனம் அதான் சொல்றா. காலைல எழுந்ததும் நேத்து ரொம்ப வேலை, இடுப்பு வலிக்குதுன்றா. நான் ஆமாம்மான்னு காலைப் புடிச்சு வுடறேன்."

பாக்கி கேட்டு வரும் போன்களில் நேற்றைப் பற்றி யார் பேசுகிறார்கள்? நான் அந்த வார்த்தையின் ஒரு பாதியை மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறேன். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கேட்டால் அவள் ஐடி பயன்படுத்தப்படாத கணக்கே இல்லை. நேற்று வந்தாள், இடுப்பு வலிக்கிறது. அவளைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை ஃபால்ஸ் பாசிட்டிவ்தான். எனக்கு அப்படியே போட்டுவிடலாமா என்று இருந்தது. போட்டால் அதைத் திருப்பி அனுப்ப எதிர் மேஜையில் ஆள் இல்லை.

மேனேஜரிடம் போய், தேதி இல்லை சார் என்றேன்.

மூடினேன். ஒரு பொத்தான்தான். நிச்சயமா என்று கேட்டது, ஆமாம் என்றேன். எச்.ஆரில் அவள் பெயருக்கு நேரே விலகியவர் என்று தானாகவே ஏறியது. அவள் செய்து வைத்த இணைப்பு ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்தது. பிறகு எச்சரிக்கைக்கு நிலை கேட்டது. அதற்கு ஒரே ஒரு நிலைதான் பொருந்தும். ஃபிக்ஸ்டு, சரிசெய்யப்பட்டது. அந்த வார்த்தையை அழுத்தும்போது எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மீது காட்டுவது என்று தெரியவில்லை. பிரிண்டர் பேப்பர் கேட்க வந்த பேக்கிங் செக்‌ஷன் ஆளை, காரணமே இல்லாமல் விரட்டி அடித்தேன். அந்த வாரம் வெளிநாட்டுக் கம்பெனி நன்றி சொல்லி மெயில் போட்டது. அதை நான் திறந்து படிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆஃபீஸுக்குப் போகப் பிடிக்காமல் லீவு சொல்லிவிட்டு அவளைப் பார்க்கப் போனேன். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. புரிகிறதோ இல்லையோ, சத்தியம் செய்தவள் நான், வாயால் சொல்ல வேண்டும். கட்டில் ஓரமாக உட்கார்ந்து வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒன்றிரண்டு வார்த்தையில் என்னவோ கேட்டாள். புருவத்தைச் சுருக்கி, பழைய கண்டிப்போடு கேட்டாள்.

"இன்னிக்கு திங்கக்கெழமையாச்சே, நீ இங்க வந்துட்டா யார் பாக்கறதுன்னு கேக்கறா" என்றார்கள் அம்மி.

லீவு போட்டுவிட்டேன் என்றேன். அந்த வார்த்தை அவளுக்குப் புரிந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள், நான் அழுதிருந்தது தெரிந்திருக்க வேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒரு வாக்கியம் சொன்னாள். வெகு நாளைக்கப்புறம் அவள் ஒரு முழு வாக்கியம் பேசினாள். அம்மி அதை எனக்குச் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நான்தான் இரண்டு தடவை கேட்டேன்.

"நீ பேஜார் ஆவாம லீவுல இரு, ஆஃபீஸை நான் பாத்துக்கறேன்னு சொல்றாம்மா."

சரி என்றேன்.